கார் ஷெட்டை மியூசிக் ஸ்டுடியோவாக மாற்றலாமா? ஒரகடம் பகுதி வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

பகலில் கார் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பில் பீட் போடுவது, நண்பர்களைப் பாட வைத்து ரெக்கார்டு செய்வது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இப்படி ஓர் இளைஞர் இருந்தால், என்றைக்காவது ஒருநாள் அவர் கண் வீட்டு முன்னால் இருக்கும் கார் ஷெட் மீது விழும். "சும்மாதானே கிடக்கு, இதையே ஸ்டுடியோவா மாத்திட்டா என்ன?"

மாற்றலாம். ஆனால், பி.எஃப். பணத்தை எடுத்தோ, வீட்டு நகையை அடகு வைத்தோ இதில் இறங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதலில் மைக், ஸ்பீக்கர் வாங்குவார்கள். அடுத்து நாலு சுவரிலும் ஃபோம் ஒட்டுவார்கள். முதல் பாட்டை ரெக்கார்டு செய்யும்போது, ரோட்டில் போகும் டிரெய்லர் லாரியின் சத்தம் பாடகரின் குரலோடு சேர்ந்து பதிவாகும். அப்போது கையில் காசு இருக்காது.

காசை எந்த வரிசையில் செலவு செய்ய வேண்டும்? எதற்குச் செலவு செய்யவே கூடாது? பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் ஸ்டுடியோவில் பெரிய பாட்டு உருவாகுமா?

உருவாகியிருக்கிறது. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில், ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன்-மெர்குரி அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தவர் பெர்ரி கார்டி. 1959ஆம் ஆண்டு குடும்பத்தினரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசை நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதன் பின்பக்கம் இருந்த போட்டோ ஸ்டுடியோவை ரெக்கார்டிங் அறையாக மாற்றினார். மாடியில் குடும்பம், கீழே ஸ்டுடியோ. அதுதான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற 'மோடவுன்'. மோட்டார் டவுன் என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே போன்றோர் அந்தச் சிறிய அறையில் பாடியவர்கள். எதிரொலி வேண்டும் என்பதற்காக வீட்டின் மேல்பரணையே எக்கோ அறையாகப் பயன்படுத்தினார்கள்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. ஏ.ஆர்.ரகுமான் 1989இல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி அமைத்ததுதான் 'பஞ்சதன் ரெக்கார்டு இன்'. விளம்பர இசை செய்துகொண்டிருந்த காலத்தில் உருவான அந்த ஸ்டுடியோவில் இருந்துதான் 1992இல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது.

ஆக, இடம் சிறியது என்பது பிரச்னை இல்லை. அந்த இடத்துக்குள் என்ன சத்தம் வருகிறது, உள்ளே இருக்கும் சத்தம் காதுக்கு உண்மையாகக் கேட்கிறதா என்பதுதான் பிரச்னை.

ஒரகடம் பகுதியில் அப்படி என்ன சிக்கல்?

'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சென்னைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டணி தொடங்கிய ஆலை, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று வரிசையாக ஆலைகள். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, வண்டலூர் – வாலாஜாபாத் சாலை, சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலை மூன்றிலும் கன்டெய்னர், கார் ஏற்றிச் செல்லும் டிரெய்லர், கம்பெனி பஸ் என்று நடமாட்டம் ஓயாது. ராத்திரியிலும் ஷிஃப்ட் நடப்பதால், 'எல்லாரும் தூங்கினதும் அமைதியா இருக்கும்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

கனரக வாகனத்தின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிச் சத்தம். ஒலியில் தடுப்பதற்கு ரொம்பக் கஷ்டமானது இதுதான். இதில் கொஞ்சம் தரை வழியாகவே அதிர்வாக வரும்.

அதனால் ஒரு ரூபாய்கூட செலவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஷெட்டை மூடிவிட்டு, உள்ளே செல்போனை வைத்து ஐந்து ஐந்து நிமிடம் ரெக்கார்டு செய்ய வேண்டும். விடியற்காலை, ஷிஃப்ட் மாறும் நேரம், மதியம், நள்ளிரவு என்று நான்கு முறை. மழை பெய்யும்போது ஒரு முறை. பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தச் சத்தம் அதிகம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மேலே தகரமோ, சிமென்ட் ஷீட்டோ போட்ட ஷெட் என்றால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரெக்கார்டிங்கை மறந்துவிட வேண்டியதுதான். கான்கிரீட் தளம் போட்ட ஷெட்தான் இதற்குச் சரிப்படும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடுவதோ வெட்டுவதோ கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

நாலு பக்கமும் ஃபோம் ஒட்டினால் சத்தம் நின்றுவிடாதா?

நிற்காது. குழப்பமே இங்கேதான். சத்தத்தைத் தடுப்பது வேறு, சத்தத்தை உறிஞ்சுவது வேறு.

தடுப்பதற்குத் தேவை எடை. கனமான சுவர், கனமான கதவு, இடைவெளி இல்லாத மூட்டு. ஒரு தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால், கடந்து வரும் சத்தம் சுமார் 5 முதல் 6 டெசிபல் குறையும். ஃபோமுக்கு எடையே கிடையாது. அது என்னத்தைத் தடுக்கும்?

ஃபோம் செய்யும் வேலை, அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைப்பது. அதிலும் இரண்டு அங்குல ஃபோம் மேல் சுருதிகளை மட்டுமே உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அந்த அலைக்கு இரண்டு அங்குல ஃபோம் இருப்பதே தெரியாது. விளைவு, அறையில் 'கணீர்' சத்தம் செத்துப்போய் 'கும்' சத்தம் மட்டும் அப்படியே நிற்கும்.

முட்டை அட்டை, தெர்மோகோல் இரண்டும் இதைவிட மோசம். சத்தத்தையும் தடுக்காது, தீப்பிடித்தால் மளமளவென எரியும். ஒரே வாசல் உள்ள மூடிய அறையில் இது உயிருக்கு உலை வைக்கும் விஷயம். ஃபோம் வாங்குவதாக இருந்தாலும் தீ பரவாத ரகமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஷட்டரை என்ன செய்வது?

கார் ஷெட்டின் பலவீனமே ஷட்டர்தான். மற்ற மூன்று பக்கமும் 9 அங்குல செங்கல் சுவர் இருந்தால், பூச்சோடு சேர்த்துச் சுமார் 50 டெசிபல் வரை தடுக்கும். ஷட்டரோ மெல்லிய தகடு. பக்கவாட்டிலும் கீழேயும் சந்து. மூன்று சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சத்தம் இந்த நாலாவது பக்கம் வழியாக வந்துவிடும்.

ஒரு கணக்கு பார்த்தால் இது புரியும். 10 அடிக்கு 10 அடி சுவரில் 3 அடி அகலக் கதவு. கதவுக்குக் கீழே அரை அங்குல சந்து. அந்தச் சந்தின் பரப்பு, மொத்தச் சுவரில் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சந்து ஒன்றே 50 டெசிபல் தடுக்க வேண்டிய சுவரை 29 டெசிபலுக்கு இறக்கிவிடும். தண்ணீர் நுழையும் இடத்தில் எல்லாம் சத்தமும் நுழையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே செய்ய வேண்டியது இதுதான். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு உள்பக்கம் ஒரு சுவர் எழுப்ப வேண்டும். செங்கல் சுவர் நல்லது. வாடகை வீடு என்றாலோ, பிறகு பிரிக்க வேண்டும் என்றாலோ, இரும்பு ஃப்ரேம் அடித்து இரண்டு பக்கமும் இரட்டை அடுக்கு ஜிப்சம் போர்டு, நடுவில் ராக்வூல் வைக்கலாம். முதல் அடுக்கின் மூட்டும் இரண்டாம் அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது.

கதவு உள்ளே கூடு இல்லாத, கெட்டியான ஃப்ளஷ் டோராக இருக்க வேண்டும். நிலையைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட், கீழே சந்து மூடும் பட்டை. ஒயர் போகும் துளை, ஏ.சி. பைப் துளை எல்லாவற்றையும் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். முடிந்தால் இரண்டு கதவு. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் நாலைந்து அடி இடம் இருந்தால் அதுவே நல்ல சத்தத் தடுப்பு.

மொத்த பட்ஜெட்டில் முதல் செலவு இந்தச் சுவருக்கும் கதவுக்கும்தான் போக வேண்டும்.

10க்கு 10 அறை ஏன் சிக்கல்?

ஒரு கார் நிற்கும் ஷெட் பொதுவாக 10 அடி அகலம், 20 அடி நீளம். உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். இசைக்கு இதைவிட மோசமான அளவு கிடைப்பது கஷ்டம்.

காரணம் எளிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒவ்வொரு அறைக்கும் சில சுருதிகள் மட்டும் கூடுதலாக ஒலிக்கும். 10 அடி இடைவெளிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் 10 அடி என்றால் இரண்டும் ஒரே சுருதியில் சேரும். 20 அடி நீளத்துக்கு 28 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாவது மடங்கு மறுபடி அதே 56. மூன்று பக்கமும் ஒரே சுருதியைத் தூக்கிவிடும். பேஸ் கிட்டாரோ, கிக் டிரம்மோ அந்த ஸ்வரத்தைத் தொட்டால் அறையே அதிரும். அறையின் இன்னொரு இடத்தில் அதே சத்தம் காணாமல் போகும்.

இதனால் என்ன நஷ்டம்? 'பாஸ் அதிகமா இருக்கு' என்று நினைத்து மிக்ஸில் குறைப்பீர்கள். உண்மையில் அதிகமாக இருந்தது அறையில், பாட்டில் இல்லை. அந்தப் பாட்டு வெளியே போய் காரிலோ, ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரிலோ ஒலிக்கும்போது பாஸே இல்லாமல் சப்பென்று இருக்கும். வேலை கொடுத்தவர் அடுத்த பாட்டுக்கு வேறு ஆளைத் தேடுவார்.

தீர்வு, மூன்று அளவும் ஒன்றுக்கொன்று சமமாகவோ இரட்டிப்பாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்வது. 20 அடி நீளத்தில் 14 அடியில் குறுக்குச் சுவர் எழுப்பினால், மீதி 6 அடி இரண்டு கதவுக்கு நடுவிலான இடமாக ஆகிவிடும். பொருட்கள் வைக்கவும் உதவும். பக்கச் சுவரை ஒட்டி ஜிப்சம் லைனிங் அடித்தால் அகலம் 9 அடி. அறை இப்போது 14க்கு 9, உயரம் 10. முன்பைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து ராக்வூல் பேனல். மரச்சட்டத்தில் நாலு அங்குல கனத்துக்கு ராக்வூல் வைத்து, காற்று புகும் துணியால் நன்றாக மூடி, சுவரில் இருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். மூலைகளில் இன்னும் கனமாக. உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும், தலைக்கு மேலேயும் ஒவ்வொன்று. ராக்வூல் தோலை அரிக்கும், மூச்சுக்குள் போகக் கூடாது. வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

ஸ்பீக்கர் இரண்டும் உட்காருபவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அறையின் நட்டநடுவில் உட்காரக் கூடாது. முன்சுவரில் இருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுத் தள்ளி உட்காருவது நல்ல தொடக்கம்.

ஏ.சி. போட்டால் காற்று வருமா?

இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கும்.

சத்தம் நுழையாதபடி அடைத்த அறையில் காற்றும் நுழையாது. 14க்கு 9க்கு 10 அடி அறையில் சுமார் 36 கனமீட்டர் காற்று இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்றுவார். இரண்டு பேர் ஒரு மணி நேரம் இருந்தாலே அதன் அளவு 1,000 பிபிஎம் கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதோ 400 பிபிஎம் சொச்சம்தான். தலைவலி, மந்தம், தூக்கம் எல்லாம் இதனால் வரலாம். "பாட்டு போர் அடிக்குது"ன்னு நினைப்பது சில நேரம் காற்று போதாததாலும் இருக்கலாம்.

அதனால் காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி வேண்டும். நேராகத் துளை போட்டால் சத்தம் வரும். உள்ளே ராக்வூல் ஒட்டிய, வளைந்து வளைந்து போகும் மரப்பெட்டி வழியாகக் காற்றை விட்டால் காற்று வரும், சத்தம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு சின்ன ஃபேன் போதும்.

பைக், பெட்ரோல் கேன், இன்வெர்ட்டர் பேட்டரி எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பாதி ஷெட்டில் வண்டி, பாதியில் ஸ்டுடியோ என்ற யோசனையும் வேண்டாம். ஓடும் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒரு தீயணைப்பானை கதவு பக்கத்தில் மாட்டி வைப்பது நல்லது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' சத்தம் வந்தால்?

அது பெரும்பாலும் எர்த் பிரச்னை. மோட்டார், ஃபிரிட்ஜ் ஓடும் லைனிலேயே ஸ்டுடியோவும் ஓடினால் இந்த இரைச்சல் வரலாம். மெயின் போர்டில் இருந்து தனி லைன், தனி எம்சிபி, ஆர்சிசிபி, சரியான எர்த் குழி என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டும். இரைச்சல் போவதற்காக பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. கம்ப்யூட்டருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் யுபிஎஸ் இருந்தால், பாடகர் நன்றாகப் பாடிய டேக் கரண்ட் கட்டில் போகாது.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால்?

இந்தப் பகுதியில் பகல் நேரமும் பலருக்குத் தூங்கும் நேரம்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருப்பவருக்குக் காலை 11 மணி என்பது நள்ளிரவு. தாழ்ந்த பாஸ் சத்தம் சுவர் தாண்டிப் போய் அவரை எழுப்பும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் இருக்கும் ஒலி சாதனத்தின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது.

தவில், பறை, டிரம்ஸ் போன்றவற்றைக் கார் ஷெட்டில் ரெக்கார்டு செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது. அவற்றுக்கு வெளியே பெரிய ஸ்டுடியோவை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். குரல், கிட்டார், புல்லாங்குழல், டப்பிங், மிக்ஸிங் ஆகியவற்றுக்கு இந்த அறை தாராளம். குரல் பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஃபில்டரில் வெட்டிவிட்டால், மிச்சம் மீதி லாரி உறுமலும் பெருமளவு போய்விடும். குரலுக்குப் பெரிதாகச் சேதம் வராது.

அனுமதி வாங்க வேண்டுமா?

வீட்டு வரைபட அனுமதியில் 'கார் பார்க்கிங்' என்று காட்டிய இடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது விதிமீறலாகப் பார்க்கப்படலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 வாகன நிறுத்தத்துக்கான இடத்தை வலியுறுத்துகிறது. வேலை தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஷட்டரை எடுக்காமல் விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாளைக்கே பழையபடி மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங் என்றால் யோசிக்கவே வேண்டாம், அது பொது இடம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். "வாயால சொன்னாரே" என்பது அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது உதவாது. காசு வாங்கிக்கொண்டு ரெக்கார்டிங் செய்யத் தொடங்கினால், வீட்டு மின் இணைப்பிலேயே தொடரலாமா, வணிக இணைப்பு வேண்டுமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

அப்போ, எதை எந்த வரிசையில் செய்வது?

1. ஐந்து முறை செல்போன் ரெக்கார்டிங். செலவு இல்லை.

2. வீட்டு உரிமையாளர், உள்ளாட்சி, பக்கத்து வீடு மூன்று பேரிடமும் பேச்சு.

3. உள்சுவர், கதவு, சந்து அடைப்பு.

4. மின்சாரம், காற்றோட்டம், ஏ.சி.

5. ராக்வூல் பேனல்கள்.

6. கடைசியாகத்தான் மைக், இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர். முதல் வருடத்துக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன், ஒரு மைக், இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் போதும்.

மைக்கை எப்போது வேண்டுமானாலும் விற்று வேறு வாங்கலாம். சுவரையும் கதவையும் அப்படி மாற்ற முடியாது.

முதல் கட்ட ரெக்கார்டிங்கிலேயே சத்தம் தாங்க முடியாத அளவு இருக்கிறது, வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது என்றால், ஷெட்டை விட்டுவிடுவது நல்ல முடிவு. வீட்டின் பின்பக்க அறையில் பீரோ, மெத்தை, கனமான திரை வைத்துக்கூடக் குரல் பதிவு செய்யலாம். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபின்னியஸும் 2019 ஆல்பத்தின் பெரும்பகுதியை லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் சின்ன படுக்கையறையில்தான் உருவாக்கினார்கள். 2020இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது.

கோயில் திருவிழாப் பாட்டு, கட்சிப் பிரசாரப் பாட்டு, குறும்பட டப்பிங், கானா என்று வேலை எதுவாக இருந்தாலும், கேட்பவருக்கு அது கார் ஷெட்டில் பதிவானது என்று தெரியப்போவதில்லை. ரோட்டில் போன லாரி பாட்டுக்குள் கேட்டால் மட்டும்தான் தெரியும்.